பெண்ணுக்குக் கல்லூரி பார்த்த கதை

என் மகள் யுவஸ்ரீ குளிரூட்டிய அறையில், மெத்தை வைத்த நாற்காலியில், வலது கை முழுக்க வெள்ளைத் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கையில் அடி ஒன்றும் இல்லை. கொசு கடித்த தடம்கூட இல்லை. கட்டுப் போட்டது டாக்டரும் இல்லை. நான்தான்.

எதிரே, கல்லூரியில் பிள்ளைகளைச் சேர்க்கும் மேடம். மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் ரோஜா, ஒரு தட்டு நிறைய மிட்டாய், நான்கு பக்க விண்ணப்பம். "ஐயோ, கையில என்னம்மா?" என்று கேட்டார்.

யுவா என்னைப் பார்த்தாள். நான் என் மச்சான் மாசிலாமணியைப் பார்த்தேன். மாசிலாமணி ஏசியைப் பார்த்தான்.

"மாடியில வுழுந்துட்டா மேடம்" என்றேன் நான்.

"சைக்கிள்ல வுழுந்துட்டா மேடம்" என்றான் அவன்.

இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. மேடம் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"மாடியிலயா, சைக்கிள்லயா?"

"மாடியில சைக்கிள் ஓட்டினேன் மேடம்" என்றாள் யுவா. முகத்தில் சிரிப்பு என்பதே இல்லை.

பிள்ளைகளே, நன்றாக இருக்கிற கைக்கு ஒரு அப்பன் ஏன் கட்டுப் போட வேண்டும்? இந்த வாரம் அதைத்தான் சொல்லப் போகிறேன். போன வாரம் என் வண்டிக்கு அடியில் குட்டி போட்ட பூனையைப் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் விசாரித்திருந்தீர்கள். பூனை நலம். குட்டிகளும் நலம். இனி கைக்கட்டுக்கு வருவோம். இல்லை, அதற்கு முன்னால் பஸ்ஸுக்குப் போக வேண்டும்.

பஸ் பார்த்துக் கல்லூரி

நான் ஒன்பதாவது வரை படித்தவன். நசரத்பேட்டைப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். முன்னால் இரண்டு இரும்பு நாக்கை நீட்டிக்கொண்டு, பெட்டிகளைத் தூக்கி அடுக்குமே, அந்த வண்டி. வீடு பாரிவாக்கத்தில். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த ஒரே ஆள் நான். பெஞ்சு இறக்கப் போனேன்.

அப்படிப்பட்ட எங்களுக்கு எது நல்ல கல்லூரி என்று எப்படித் தெரியும்? பஸ்ஸை வைத்துத்தான்.

காலை ஏழு மணிக்கு எங்கள் சாலையில் வந்து நின்று பாருங்கள். மஞ்சள் பஸ், நீல பஸ், மயில் படம் போட்ட பஸ், சாமி பெயர் எழுதிய பஸ் என்று வரிசையாக வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். பக்கத்து வீட்டு அக்கா தன் மகனை ஒரு கல்லூரியில் சேர்த்தார். ஏன் அந்தக் கல்லூரி என்று கேட்டேன். "அந்த டிரைவரு ஸ்பீடு பிரேக்கர்ல கொயந்தைய தூக்குறா மாரி ஏத்தி எறக்குறாருண்ணா" என்றார். எதிர்வீட்டுக்காரர் மகன் படித்து முடித்து வேலைக்கே போய்விட்டான். என்ன படித்தான் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. பஸ் எண்ணைச் சொல்வார்.

இந்த விஷயத்தில் எங்கள் வீட்டு நிபுணர் மாசிலாமணி. என் மனைவி கலாவின் தம்பி. பூந்தமல்லி, நூம்பல் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பவன். "ஏசி பஸ்ஸு உட்டா ஏ கிளாஸு காலேஜு மாமா. ஃபேன் பஸ்ஸுன்னா பி கிளாஸு. பஸ்ஸே இல்லியா? அது காலேஜே கெடையாது. டூட்டோரியலு."

கோடையில், பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த கையோடு, கல்லூரிகள் ஞாயிற்றுக்கிழமை இலவச பஸ் அனுப்பும். வந்து சுற்றிப் பாருங்கள், மதியம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்பார்கள். எங்கள் பக்கத்தில் அதைப் பெண் பார்க்கப் போவது போலவே நடத்துவோம். ராகு காலம் பார்த்துக் கிளம்புவோம். பட்டுப் புடவை உண்டு. அங்கே "எத்தனை சவரன்?" என்பார்கள், இங்கே "கட்-ஆஃப் எவ்ளோ?" அங்கே பஜ்ஜியைக் குறை சொல்வோம், இங்கே சாம்பாரை.

நாங்கள் கிளம்பியபோது நான், யுவா, மாசிலாமணி என்று மூன்று பேர். கலாவுக்குத் தையல் கம்பெனியில் அன்றைக்கு விடுப்பு இல்லை. மூன்று பேராகப் போனால் காரியம் நடக்காது என்று, வாசலில் கிடந்த ஒரு கருங்கல்லைக் கழுவி என் சட்டைப் பையில் போட்டாள். நாலாவது ஆள் அந்தக் கல்.

பெண் பார்ப்பதில் இன்னொரு சட்டமும் உண்டு. குறை ஏதாவது இருந்தால் அதை நாமாகப் போய்ச் சொல்லக் கூடாது. நான் அதையும் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வேறு ரூட்டு

யுவாவுக்கும் எழுத்துக்கும் சின்ன வயதிலிருந்தே சண்டை. "நான் ஒரு வரிய பிடிக்கறதுக்குள்ள அது அடுத்த வரிக்கு ஓடிடுதுப்பா" என்பாள். சேட்டை என்று நினைத்தோம். சோம்பல் என்றார் ஒரு டீச்சர். ஆறு மாதம் வல்லாரைத் துவையல் அரைத்துப் போட்டாள் கலா. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் மறந்துபோன பதினாறாம் வாய்பாடு திரும்ப வந்தது.

ஏழாம் வகுப்பில் வந்த அறிவியல் டீச்சர்தான் கண்டுபிடித்தார். பரீட்சையில் யுவா எழுதியது கால் பக்கம். அதே கேள்வியை வாயால் கேட்டபோது, மழை எப்படி வருகிறது என்று கையைக் காலை ஆட்டி அரை மணி நேரம் சொன்னாளாம். அந்த டீச்சர் சொல்லித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இரண்டு நாள் சோதித்துவிட்டு, டிஸ்லெக்சியா என்றார்கள். அறிவில் ஒரு குறையும் இல்லை. எழுத்தைக் கண்ணில் வாங்கி மூளை புரிந்துகொள்கிற விதம் மட்டும் வேறு என்றார்கள். சான்றிதழும் தந்தார்கள்.

"மாத்திரை எத்தினி நாளைக்கு சார்?" என்று கேட்டேன்.

"மாத்திரை கிடையாது. அவளுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் குடுங்க, போதும்" என்றார் டாக்டர்.

மாத்திரை இல்லாத வியாதி எனக்குப் புரியவில்லை. திரும்பி வரும் வழியில் யுவாதான் எனக்கு விளக்கினாள். அப்போது பன்னிரண்டு வயது. "தோ பாருப்பா. எல்லாரும் பூந்தமல்லியிலேர்ந்து கோயம்பேட்டுக்கு நேரா போறாங்க. நான் அம்பத்தூர் சுத்திக்கினு போறேன். அவ்ளோதான். போய் சேர மாட்டேனா இன்னா?"

பிறகு அரசுப் பரீட்சைக்கு அவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆசிரியரைப் போட்டார்கள். கூடுதல் நேரமும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பரீட்சையில் வந்தவர் கணக்கு வாத்தியார். இவள் ஒரு போரை விவரிக்க, அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்பால இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். "நீங்க எய்துங்க சார், சொல்றேன்" என்றாளாம் இவள்.

பாஸாகிவிட்டாள். நல்ல மதிப்பெண். எல்லாரும் லட்டு சாப்பிட்டோம். எனக்கு மட்டும் லட்டு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளைத் தெரிந்த டீச்சர்கள் இருந்தார்கள். கல்லூரியில் யார் இருப்பார்கள்? சேர்த்துவிடுவது பெரிய காரியமில்லை. இரண்டு மாதத்தில் பையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, "என்னால முடியல" என்று அவள் உட்கார்ந்துவிட்டால்? அதுதான் என் பயம். அந்தக் கோடை முழுக்க அதே பயம்தான்.

பீரோ எங்கே வைப்பது

அவளுக்கு என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும். மாசிலாமணிக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அவன் பிழைப்பில் பாதி அதில் ஓடியது.

வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இந்த ரூம்ல கட்டில் போட்டா பீரோ எங்க வெக்கறது?" அவன் யுவாவைக் கூட்டிப்போவான். அவள் அறை நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றுவாள். அளவுநாடா கிடையாது. "கட்டில இந்தச் செவுத்துக்குத் திருப்புங்க. பீரோவ கதவுக்குப் பின்னால வைங்க. கதவு முழுசா தொறக்காது, முக்கால் தொறக்கும், ஆனா நீங்க உள்ள வர்றதுக்கு அது போதும்." குடிவந்த பிறகு பார்த்தால் அவள் சொன்னபடியே பொருந்தியிருக்கும், தீப்பெட்டிக்குள் குச்சி மாதிரி.

அவளுக்கு ஆசை இன்டீரியர் டிசைன். எனக்கு ஆசை கம்ப்யூட்டர். ஏன் என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் எல்லாரும் கம்ப்யூட்டர்.

"படிக்கவே கஷ்டப்படுற புள்ளைய கம்ப்யூட்டர்ல கொண்டுபோய் போட்டு இன்னா பண்ணப் போற?" என்றாள் கலா.

"ஏசி பஸ்ஸு உடுறாங்கக்கா" என்றான் மாசிலாமணி.

கலா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அதன்பிறகு அவன் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டான். வழக்கமாக எட்டு.

இடது கை

இப்போது கைக்கட்டு. முதல் கல்லூரிக்குப் போவதற்கு முந்தின நாள், பக்கத்துத் தெரு ஆள் ஒருவர் சொன்னார்: "அங்க பசங்களையே ஃபாரம் எய்தச் சொல்றாங்களாம்பா." அவ்வளவுதான், மாசிலாமணியைத் தேடி ஓடினேன். அவள் எழுதினால் தெரிந்துவிடும். தெரிந்தால் இடம் தரமாட்டார்கள். மாசிலாமணி யோசனை சொன்னான்: "கையில அடின்னு சொல்லு. அடி பட்ட கைய யாரு மாமா எய்தச் சொல்லுவான்?"

மறுநாள் காலையில் இரண்டு முழம் துணியைச் சுற்றிவிட்டேன். யுவா கையை நீட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் சும்மா இருந்ததிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மாடியில் சைக்கிள் ஓட்டிய கதைக்குப் பிறகு மேடம் நல்லவிதமாகச் சொன்னார்: "பரவால்ல, ஃபார்மை அப்பாவே எழுதட்டும். நீ இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடும்மா. முடியுமா?"

யுவா பேனாவை எடுத்தாள். இடது கையால். அழகாக ஒரு கையெழுத்துப் போட்டாள்.

பிள்ளைகளே, என் மகள் இடது கைக்காரி. பிறந்ததிலிருந்தே. மூன்று வயதில் இடது கையால் சாப்பிடக் கூடாதென்று நான் அந்தக் கையைத் துண்டால் கட்டிப்போட்டவன். அவள் தட்டில் வாயை வைத்துப் பூனை மாதிரி ரசத்தை நக்கிக் குடித்த பிறகுதான் விட்டேன். அப்படிப்பட்ட நான், எப்படி மறைக்கலாம் என்கிற அவசரத்தில், அவள் எந்தக் கையால் எழுதுவாள் என்பதையே மறந்திருக்கிறேன்.

"ஓ, லெஃப்ட் ஹேண்டரா? அப்ப ஒண்ணும் பிரச்சினையே இல்ல. நீயே எழுதிடு" என்றார் மேடம்.

யுவா எழுதினாள். முதல் பக்கத்துக்கே இருபது நிமிடம். மேடத்தின் சிரிப்பு மெல்லச் சுருங்கியது. கடைசியில் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, "நாங்க ஃபோன் பண்றோம் சார்" என்றார்.

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். "ஊருக்குப் போய் கடிதாசி போடுறோம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வது. கடிதாசி வராது.

திரும்பும் பஸ்ஸில் ஏசி ஓடியது. யுவா கட்டை அவிழ்த்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மாசிலாமணியின் தலையில் சுற்றினாள். வழியில் இறங்குகிறவர்கள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒரு அம்மா எழுந்து அவன் நன்றாகச் சாய்ந்துகொள்ள இடம்கூட விட்டார்.

"ஏம்மா, இடது கைதான்னு காலையிலயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்." மாசிலாமணியின் காதோரம் துணியை முடிச்சுப் போட்டாள். "அப்பா, ஒண்ணு கேக்கறேன். நீ என் கையெழுத்த மறைக்கிறியா, இல்ல என்னையே மறைக்கிறியா?"

பூந்தமல்லி வந்துவிட்டது என்று எழுந்து நின்றேன். பூந்தமல்லி வர இன்னும் நாலு நிறுத்தம் இருந்தது. அதுவரை நின்றுகொண்டே வந்தேன்.

பாத்துக்கலாம்

அடுத்த ஞாயிறு இரண்டாவது கல்லூரி. இந்த முறை உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். கட்டு கிடையாது. ஆனால் உண்மையைச் சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும் அல்லவா? யுவாவை வெளியே மீன்தொட்டி பார்க்கச் சொல்லிவிட்டு, சேர்க்கை அலுவலரின் காதருகே குனிந்து, நகை அடகு வைப்பவன் மாதிரி ரகசியமாகச் சொன்னேன்: "சார், பொண்ணுக்கு ஒரு சின்ன இது கீது."

"எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம் சார்!" என்று அவர் கத்தினார். வரிசையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள்.

யுவா உள்ளே வந்து உட்கார்ந்தாள். மீன் பார்த்து முடித்துவிட்டாள் போலிருக்கிறது.

"சார், பரீட்சையில நான் சொல்லி எழுத ஆள் குடுப்பீங்களா?"

"பாத்துக்கலாம்மா."

"கிளாஸ்ல பாடத்த ஃபோன்ல ரெக்கார்டு பண்ண விடுவாங்களா?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

"இன்டீரியர் டிசைன் டிபார்ட்மென்ட் எந்தப் பில்டிங் சார்?"

"பில்டிங்… பாத்துக்கலாம்மா, இப்பதான் கட்டிகிட்டிருக்கோம்."

நான் மகிழ்ந்துபோனேன். எவ்வளவு நல்ல மனிதர்! மாசிலாமணி அதைவிட மகிழ்ந்தான், ஏனென்றால் மதியச் சாப்பாட்டில் இரண்டு வகை பாயசம். ஆனால் திரும்பும்போது யுவா விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள்.

"பதினோரு பாத்துக்கலாம். ஒரு 'பாத்துட்டோம்' கூட இல்ல."

"அவரு மனசார சொன்னாரும்மா…"

"அவுரு என்னயவே பாக்கலப்பா. நீ காதுல சொன்னத மட்டும்தான் கேட்டாரு. ஆமா, நான் மீன் பாக்கறப்ப இன்னாத்த குசுகுசுன்னு சொன்ன?"

"சொம்மா… ஒண்ணியும் இல்ல."

"ரெண்டு காலேஜுலயும் நீதான் பேசுற. படிக்கப் போறது நீயா, நானா?"

நியாயமான கேள்வி. நானும் யோசித்துப் பார்த்தேன். டாக்டரிடம் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று நான் சொல்வேன். துணிக்கடையில் அவளுக்குப் பிடித்த நிறத்தை நான் சொல்வேன். அவள் தடுமாறிவிடுவாளோ என்று அவளுக்கு முன்னால் ஓடி ஓடி, அவள் பேசுவதற்கு நான் இடமே வைக்கவில்லை.

கமர்கட்

மூன்றாவது கல்லூரியை யுவாவே கண்டுபிடித்தாள். அங்கே படிக்கிற ஒரு பெண் பேசிய வீடியோவைப் பத்து முறை கேட்டிருக்கிறாள். ஆவடிப் பக்கம், சின்னக் கல்லூரி. இன்டீரியர் டிசைன் உண்டு.

பஸ் கிடையாது.

"பஸ் இல்லியா?" மாசிலாமணி எங்கள் வீட்டில் யாரோ செத்துவிட்டது போல உட்கார்ந்துவிட்டான். "மாமா, நான் தெருவுல தல காட்டணுமா, வாணாமா?" ஆனாலும் கூட வந்தான். டவுன் பஸ்ஸில், நின்றுகொண்டே.

ஆவடியில் இறங்கியதும் யுவா ஒரு பெட்டிக்கடைக்குப் போய் நாலு கமர்கட் வாங்கி வந்தாள். கமர்கட் சாப்பிடாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: தேங்காயும் வெல்லமும் காய்ச்சி உருட்டியது. வாயில் போடும்போது கூழாங்கல். கொஞ்ச நேரத்தில் கோந்து. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டால் பிரிக்க இரண்டு ஆள் வேண்டும்.

கல்லூரி வாசலில் நிறுத்தி, எனக்கு ஒன்று, மாமனுக்கு ஒன்று கொடுத்தாள்.

"இன்னாத்துக்கு?" என்றேன்.

"வாயில போடுப்பா. அது கரையற வரிக்கும் பேசக் கூடாது. கடிச்சி முழுங்கினா இன்னொண்ணு கீது."

"உங்கப்பனுக்கு சரி, நான் இன்னாடீ பண்ணேன்?" என்றான் மாசிலாமணி.

"சைக்கிள்ல வுழுந்தேன்ல, அதுக்கு."

இப்படித்தான் நாங்கள் துறைத் தலைவர் முன்னால் போய் உட்கார்ந்தோம். ஐம்பது வயது இருக்கும் அந்த மேடத்துக்கு. சின்ன அறை. மேசை, அலமாரி, சுருட்டிய வரைபடங்கள்.

"நீங்க அப்பாவா?"

"ம்ம்."

"என்ன வேலை பண்றீங்க?"

"ம்ம்ம்." கையால் ஃபோர்க்லிஃப்ட் ஏறி இறங்குவதைக் காட்டினேன். அவர் பயந்துவிட்டார்.

"அப்பாவுக்குப் பேச வராதாம்மா?"

"வரும் மேடம். நெறைய வரும். அதான் கமர்கட்டு குடுத்துக் கூட்டிகினு வந்தேன்."

மேடம் ஒரு வினாடி எங்கள் உப்பிய கன்னங்களைப் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார். "எனக்கு ஒண்ணு கீதா?" என்று கேட்டு வாங்கி, சாப்பாட்டுக்கு அப்புறம் என்று இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு யுவா சொன்னாள். குரலைத் தாழ்த்தாமல், பேருந்து நிறுத்தம் எங்கே என்று சொல்வது போல. "மேடம், எனக்கு டிஸ்லெக்சியா. படிக்க லேட்டாவும். எழுதினா எழுத்து எடம் மாறும். ப்ளஸ் டூவுல நான் சொல்ல சொல்ல வேற ஒருத்தர் எழுதினாரு. கேட்டா மறக்க மாட்டேன். ஒரு எடத்த ஒருவாட்டி பாத்தா அளவு சொல்லுவேன்."

"சொல்லு. இந்த ரூம்ல என்ன தப்பு?"

யுவா உட்கார்ந்தபடியே தலையைத் திருப்பினாள். "அலமாரிக் கதவு உங்க நாற்காலில இடிக்குது மேடம். அதான் தொறந்தே வெச்சிகினு கீறீங்க. மேசைய அந்தப் பக்கம் திருப்பிப் போட்டா கதவும் சாத்தலாம், உங்களுக்கு ஜன்னல் வெளிச்சமும் வரும்."

"ஆறு வருஷமா இடிச்சிகினு கீறேன்" என்றார் மேடம். எங்கள் பக்கத்துப் பேச்சு அவருக்கும் வந்துவிட்டது. "தூக்குங்க சார்!"

நானும் மாசிலாமணியும் வாயைத் திறக்க முடியாமல் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு மேசையைத் தூக்கித் திருப்பிப் போட்டோம். அலமாரிக் கதவு மூடியது. மேடம் அதை நாலு முறை திறந்து திறந்து சாத்தினார்.

இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர் உட்கார்ந்து, சிரிப்பை எடுத்து வைத்துவிட்டுப் பேசினார்.

"யுவஸ்ரீ, உண்மைய சொல்லிடறேன். இதுக்குன்னு தனியா சொல்லிக்குடுக்க இங்க ஆள் இல்ல. வரையறது மட்டும் இல்ல, எழுத்துப் பாடமும் உண்டு. பரீட்சைக்கு எழுத ஆள் குடுப்போம், நேரமும் குடுப்போம். ஆனா ஒவ்வொரு தடவையும் நீதான் லெட்டர் குடுத்துக் கேக்கணும். நான் ஞாபகம் வெச்சிக்க மாட்டேன், எனக்கு நூறு வேலை. உன்னை மாதிரி இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க. ஒரு பையன் முடிச்சிட்டு வேலைக்குப் போயிட்டான். ஒரு பொண்ணு ரெண்டாவது வருஷத்துல நின்னுட்டா."

"ஏன் மேடம் நின்னா?"

"அவளுக்கும் இதுதான்னு எங்களுக்குத் தெரியவே தெரியாதும்மா. அவங்க வீட்டுல யாருகிட்டயும் சொல்லாதன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. சோம்பேறின்னு நானே திட்டியிருக்கேன். கடைசி நாள் டிசி வாங்க வந்தப்பதான் சொன்னா."

வாயில் உருண்டுகொண்டிருந்த கமர்கட்டைக் கன்னத்தில் ஒதுக்கினேன். மாசிலாமணி என்னைப் பார்க்காமல் அலமாரியைப் பார்த்தான்.

யுவா நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இங்கயே சேர்றேன் மேடம்" என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத்தான் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

மூன்று பக்கம்

மேடம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். மூன்று பக்கம். யுவா இடது கையால், ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்துப் படித்து எழுதினாள். பாரிவாக்கத்தை எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். என் கை நாலு தடவை மேசை வரை போய்த் திரும்பியது. கடைசியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். மாசிலாமணி வெளியே போய்க் கல்லூரியை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்தான். அவள் இரண்டாம் பக்கத்தில் இருந்தாள்.

மூன்றாம் பக்கத்தில், படிப்பில் சிறப்பு உதவி வேண்டுமா என்று ஒரு கட்டம். அதில் "ஆம்" என்று எழுதினாள். கட்டத்தைத் தாண்டி வெளியே வருகிற அளவுக்குப் பெரிதாக.

மேடம் வந்து உட்கார்ந்து, மூன்று பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "நீங்க ஏதாவது கேக்கணுமா சார்?"

என் வாய் காலியாகி வெகு நேரமாகியிருந்தது. கேட்பதற்கு ஒரு பெரிய பட்டியலே மனதில் வைத்திருந்தேன். கேன்டீன், கழிவறை, வேலை கிடைக்குமா, சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவீர்கள். யுவாவைப் பார்த்தேன்.

"கேளுப்பா" என்றாள்.

"மேடம்" என்றேன். பட்டியலில் இல்லாத ஒன்று வந்தது. "அந்தப் பொண்ணு பாதியில நின்னுடுச்சின்னு சொன்னீங்களே. அது இப்ப வந்தா சேத்துக்குவீங்களா?"

மேடம் பேனாவை மூடினார். பிறகு திறந்தார். "சேத்துக்கலாம் சார். யாரும் இதுவரைக்கும் கேக்கல, நானும் யோசிக்கல. நம்பர் ஆபீஸ்ல இருக்கும்" என்று சொல்லி, மேசை நாட்காட்டியில் மறுநாள் தேதியில் ஒரு பெயரை எழுதி வைத்தார்.

"அவ ஃபோன் எடுத்தா என் நம்பரையும் குடுங்க மேடம்" என்றாள் யுவா.

அதையும் எழுதிக்கொண்டு, அவர் விண்ணப்பத்தில் முத்திரை குத்தினார். யுவா என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்: "இன்னொரு கேள்வி வேணும்னாலும் கேட்டுக்கோப்பா."

என்னிடம் வேறு கேள்வி இல்லை.